தோற்கும் வரை கூடவே

நான் நேரில் பார்த்த முதல் கல்லூரிப் பெண்கள் பேஸ்கட்பால் ஆட்டத்தில் எங்கள் ஊர் அணி தோற்றது. 2022 மார்ச் 20, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்கக் கல்லூரி அணிகளின் தேசிய நாக்-அவுட் போட்டி, என்சிஏஏ. ஐயோவா பல்கலைக்கழகத்தின் கார்வர்-ஹாக்கை அரங்கில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். ஐயோவா இரண்டாம் சீடு, அதாவது தன் பிரிவின் தரவரிசையில் இரண்டாவது. எதிரே பக்கத்து மாநிலம் நெப்ராஸ்காவிலிருந்து வந்த கிரெய்ட்டன், பத்தாம் சீடு. "ஈசியா ஜெயிச்சிடுவாங்க, குழந்தையைக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லித்தான் ஆபீஸ் நண்பர் டிக்கெட்டைக் கொடுத்தார். 64-62 என்று தோற்றோம். கடைசி நேரத்தில் மூன்று பாயிண்ட் ஷாட் போட்டுக் கதையை முடித்த லாரன் ஜென்சன், அதற்கு முந்தின சீசன் வரை ஐயோவா சட்டை போட்டு ஆடியவர். நம் வீட்டுப் பந்தலில் கல்யாணச் சாப்பாட்டை அடுத்த வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது.

கார் நிறுத்தத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாளைப் பார்த்தோம். எட்டு வயது மகள் அவரிடம் போய், "அடுத்த மேட்ச் எப்போ?" என்று கேட்டாள். அவர் கார் சாவியைத் தேடிக்கொண்டே ஒரே வார்த்தை சொன்னார்: "நவம்பர்."

நாக்-அவுட் என்றால் என்ன என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் புரிந்தது அந்த நொடியில்தான்.

நாங்கள் இருப்பது கோரல்வில். ஐயோவா நகரத்தை ஒட்டிய சின்ன ஊர். நான் கோவில்பட்டிக்காரி. ஹாக்கி ஊர். பந்து, மட்டை, மைதானம் எதுவும் எனக்குப் புதிதில்லை, ஆனால் பேஸ்கட்பாலில் எனக்குத் தெரிந்தது பள்ளிக்கூடத்து மூலையில் வலை கிழிந்து தொங்கிய வளையம் மட்டும்தான். கல்யாணமாகி இங்கே வரப்போகிறேன் என்றபோது அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஏட்டி, ஊர் பேரே ஐயோன்னு ஆரம்பிக்குதே, வேற ஊரே கிடைக்கலியா உன் மாப்பிள்ளைக்கு?"

பக்கத்து வீட்டு அம்மாளுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. மகள் அவரைப் "பாட்டி" என்றே கூப்பிடுவாள். அவருக்கு அதில் பெருமை. அரங்கில் காபி வாங்கும்போதுகூட அந்தப் பெயரைத்தான் சொல்வார். கடைப் பையன் கோப்பையில் 'பேட்டி' என்று எழுதித் தருவான். பாட்டிக்கு இந்த அணியின் சீசன் டிக்கெட் பல வருஷமாக இருக்கிறது, பாதி இருக்கைகள் காலியாகக் கிடந்த காலத்திலிருந்து.

சோளமும் பன்றிப் பண்ணையுமாக இருக்கும் மாநிலத்தில் பெண்கள் பேஸ்கட்பாலுக்கு ஏன் இப்படிக் கூட்டம் என்று ஆரம்பத்தில் எனக்குப் புரியவில்லை. எங்கள் அணியின் நட்சத்திரம் கெயிட்லின் கிளார்க் என்ற ஒரே பெண்ணால்தான் என்று நினைத்தேன். பாட்டி சிரித்துவிட்டார். ஐயோவாவில் பள்ளிப் பெண்கள் ஒரு பக்கத்துக்கு ஆறு பேராக ஆடிய தனி ஆட்டம் ஒன்று இருந்தது. மூன்று பேர் பந்து போடுகிறவர்கள், மூன்று பேர் தடுக்கிறவர்கள். நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது. பந்தை இரண்டு முறைக்கு மேல் தட்டக் கூடாது. 1993 வரை அந்த ஆட்டம் இருந்தது. மாநில இறுதிப் போட்டிக்கு டிமாயின் நகர அரங்கம் நிரம்பி வழியும். 1968 இறுதிப் போட்டியில் டெனிஸ் லாங் என்ற பெண் 64 பாயிண்ட் எடுத்தார், எதிரணியின் ஜெனட் ஓல்சன் 76 எடுத்தும் தோற்றார். மறு வருஷம் டெனிஸ் லாங்கை சான் பிரான்சிஸ்கோ வாரியர்ஸ் ஆண்கள் அணியே டிராஃப்டில், அதாவது தொழில்முறை அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையில், எடுத்தது. 1985 பிப்ரவரியில் இதே கார்வர் அரங்கில் ஐயோவா பெண்கள் ஆடிய ஓர் ஆட்டத்துக்கு 22,157 பேர் வந்தார்கள். அரங்கின் கொள்ளளவே சுமார் பதினைந்தாயிரம். படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களில் பாட்டியும் ஒருவர்.

பாட்டி பள்ளியில் தடுக்கிறவர். கார்டு. அதாவது நாலு வருஷம் ஆடியும் ஒரு ஆட்டத்தில்கூட அவர் கூடையை நோக்கிப் பந்து போட்டதில்லை. போட முடியாது, கூடை கோட்டுக்கு அந்தப் பக்கம். இதைக் கேட்ட பிறகு அவரோடு ஆட்டம் பார்ப்பதே எனக்கு மாறிப்போனது. பதினைந்தாயிரம் பேர் கிளார்க்கின் கையைப் பார்ப்பார்கள். பாட்டி மட்டும் எதிரணிக்காரியைத் துரத்திக்கொண்டு ஓடும் எங்கள் அணியின் கேபி மார்ஷலின் காலைப் பார்ப்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2024இல் நாங்கள் அந்த அணியின் பின்னால், செமி ஃபைனலும் இறுதிப் போட்டியும் நடந்த கிளீவ்லாந்து வரை போனோம். எங்கள் செலவில் பாதி தெரியாமல் செய்த செலவு. அந்தப் பாதியைச் சொன்னால் அடுத்து போகிறவர்களுக்கு உதவும்.

முதலில் இந்தப் போட்டி எப்படி நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை, பணம் போனது. 2024இல் மொத்தம் 68 அணிகள். அதில் 32 அணிகள் தங்கள் கான்ஃபரன்ஸில், அதாவது சில பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் லீக்கில், ஜெயித்து நேராக வந்தன, மீதியை ஒரு குழு தேர்வு செய்தது. மார்ச் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் பட்டியல் வரும். 2024இல் அது மார்ச் 17. யாருக்கு எந்த சீடு, யார் யாரோடு, எந்த ஊரில் என்பதெல்லாம் அன்றைக்குத்தான் தெரியும். முதல் 16 இடங்களில் இருக்கும் அணிகள் முதல் இரண்டு சுற்றையும் சொந்த ஊரிலேயே ஆடும். இது பெண்கள் போட்டியில் மட்டும் உள்ள வசதி. ஆண்கள் போட்டியில் எல்லாரும் முதல் நாளே மூட்டை கட்ட வேண்டும். அதற்கடுத்த இரண்டு சுற்றும் 2023இலிருந்து நாடு முழுவதற்கும் இரண்டே ஊர்களில் நடக்கின்றன. ஒவ்வோர் ஊரிலும் எட்டு அணிகள். 2024இல் கிழக்கே ஆல்பனி, மேற்கே போர்ட்லாந்து. ஐயோவாவிலிருந்து இரண்டுமே காரில் போகிற தூரமில்லை, ஆல்பனிக்கே ஆயிரம் மைலுக்கு மேல்.

என் முதல் முட்டாள்தனம் இங்கேதான். பிப்ரவரியிலேயே விளையாட்டு நிபுணர்கள் "ஐயோவா இங்கே போகும், அங்கே போகும்" என்று ஆரூடம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். அதில் ஒன்றை நம்பி, 'இப்பவே போட்டால் மலிவு' என்று போர்ட்லாந்தில் மூன்று ராத்திரிக்கு ஹோட்டல் போட்டேன். ரத்து செய்தால் பணம் திரும்பாத வகை, அதனால்தான் மலிவு. மார்ச் 17 அன்று பட்டியல் வந்தது. ஐயோவா முதல் சீடு, ஆல்பனி. கணவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் டீ போட்டார். அந்த மௌனத்துக்குத் திட்டே மேல். கேன்சல் செய்யவும் முடியாது, போகவும் முடியாது. அந்த மார்ச்சில் போர்ட்லாந்து அரங்கில் ஒரு பக்கத்து மூன்று பாயிண்ட் கோடு தப்பான தூரத்தில் வரையப்பட்டிருந்தது, அது போட்டியின் நடுவில்தான் கண்டுபிடிக்கப்பட்டது என்று செய்தி வந்தபோது எனக்கு அற்ப சந்தோஷம்.

பாட்டியின் வழி வேறு. பட்டியல் வருவதற்கு முந்தின நாளே இரண்டு ஊரிலும் ஒவ்வோர் அறை போட்டுவிடுவார், இரண்டுமே கடைசி நாள் வரை இலவசமாக ரத்து செய்யக்கூடியவை. அந்த மாதிரி அறைக்கு விலை கொஞ்சம் கூடத்தான். பட்டியல் வந்ததும் ஒன்றைத் தட்டிவிடுவார். செமி ஃபைனல் ஊருக்கு அக்டோபரிலேயே ஓர் அறை போட்டிருப்பார், சீசனே தொடங்கியிருக்காது. "போகலேன்னா ஒரு க்ளிக்தானே" என்பார். நான் அக்டோபரில் தீபாவளி பலகாரத்துக்குக் கடலை மாவு தேடிக்கொண்டிருந்தேன்.

சொந்த ஊர் ஆட்டங்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. சீசன் டிக்கெட்காரர்களுக்கு முன்னுரிமை, மீதி பொதுவுக்கு. பாட்டியின் தோழி ஒருவர் ஃப்ளோரிடாவில் இருந்ததால் அவருடைய இரண்டு இடங்கள் எங்களுக்கு வந்தன. மொத்த டிக்கெட்டில் மூன்று ஆட்டங்கள் அடக்கம், நம் அணி ஆடாத ஆட்டமும் சேர்த்து. அதையும் உட்கார்ந்து பாருங்கள், அடுத்து நம்மோடு மோதப்போவது யார் என்று தெரியும். ஒன்றே ஒன்று, பை. உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் பை மட்டும்தான் கொண்டுபோகலாம். மகள் தன் பள்ளிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள், அதற்குள் கடலை மிட்டாய் டப்பா வேறு. வாசலில் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி கார், மறுபடி வரிசை. கார்வர் அரங்கம் பூமிக்குள் இறங்கிய கிண்ணம் மாதிரி, வாசலில் நுழைந்தால் மேல் வரிசையில் நிற்போம், ஆடுகளம் கீழே கிணற்றுத் தண்ணீர் மாதிரி தெரியும். நாங்கள் உள்ளே போனபோது ஹோலி கிராஸ் அணியோடு ஆட்டம் தொடங்கிச் சில நிமிஷம் ஆகியிருந்தது. அது 91-65 என்று முடிந்தது, நஷ்டமில்லை.

இரண்டாம் சுற்று அப்படியில்லை. மார்ச் 25, வெஸ்ட் வர்ஜீனியா. ஆடுகளம் முழுவதும் துரத்தித் துரத்தித் தடுக்கிற அணி. பெரிய முன்னிலை கரைந்து கரைந்து கடைசிக் கால் பகுதியில் சமநிலைக்கு வந்துவிட்டது. எனக்கு 2022 ஞாபகம். மகள் என் விரலை நெரித்துக்கொண்டிருந்தாள். பாட்டி மட்டும் எதிரணியைப் பார்த்து, "என்ன அழகா தடுக்குறாங்க பாரு" என்று ரசித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபமே வந்தது. 64-54 என்று தப்பித்தோம். கிளார்க் 32. அவர் அந்தத் தரையில் ஆடிய கடைசி ஆட்டம் அது என்று எல்லோருக்கும் தெரியும். ஆட்டம் முடிந்தும் யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை.

ஆல்பனிக்கு நாங்கள் போகவில்லை. ஹோட்டல் பணத்தை ஏற்கெனவே போர்ட்லாந்துக்குத் தானம் செய்தாயிற்று. பாட்டியும் முழங்கால் வலி என்று தங்கிவிட்டார், அறையை ரத்து செய்தார், ஒரு பைசா நஷ்டமில்லை. கொலராடோவை 89-68. பிறகு ஏப்ரல் 1, திங்கள் ராத்திரி, எல்எஸ்யு, அதாவது லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம். அதற்கு முந்தின வருஷம் டல்லாஸ் இறுதிப் போட்டியில் 102-85 என்று நம்மைத் தோற்கடித்தவர்கள். எங்கள் வீட்டு ஹாலில் பாட்டி, இன்னும் இரண்டு குடும்பம், ஒரு குண்டான் சாம்பார் சாதம். கிளார்க் 41 பாயிண்ட், 12 அசிஸ்ட் (கூடைபோடத் தோழிக்குப் பந்து கொடுத்தது). 94-87. கிளீவ்லாந்து!

அடுத்த அரை மணி நேரத்தில் என் இரண்டாவது முட்டாள்தனம். ஜெயித்த சூட்டிலேயே போனை எடுத்து மறுவிற்பனைத் தளத்தில் செமி ஃபைனலுக்கு மூன்று டிக்கெட் வாங்கினேன், மேல் மாடியில். அந்த நேரத்தில் ஐயோவா மாநிலம் முழுக்க அதே பக்கத்தைத் திறந்து வைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதோடு, திரையில் கண்ணுக்குத் தெரிந்த விலை வேறு, கடைசிப் பக்கத்தில் கட்டணமெல்லாம் சேர்த்து வந்த விலை வேறு. கட்டணத்தோடு சேர்த்துக் காட்டு என்று அப்போது ஒரு பொத்தான் இருந்தது, அதை முதலில் அழுத்திவிட்டுத் தேடியிருக்க வேண்டும். புதன்கிழமை அதே வரிசையில் இரண்டு இடம் நான் கொடுத்ததைவிடக் கணிசமாகக் குறைந்த விலைக்குக் கிடந்தது. பார்க்காமலே இருந்திருக்கலாம்.

பாட்டிக்கு இந்தப் பாடே இல்லை. செமி ஃபைனலுக்குப் போகும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனியாக ஒரு பங்கு டிக்கெட் தருகிறார்கள். அதைப் பல்கலைக்கழகம் தன் சீசன் டிக்கெட்காரர்களுக்கும் நன்கொடையாளர்களுக்கும் மூப்புப் பார்த்துக் கொடுக்கிறது. பாட்டி வருஷா வருஷம் கொடுக்கும் சின்னத் தொகை இத்தனை வருஷத்தில் சேர்ந்து அவரை வரிசையில் முன்னால் நிறுத்தியிருந்தது. அசல் விலை, கீழ்த் தளம், ஓர் இடம். நம் ஊர்க் கோயில் கட்டளை மாதிரிதான், தாத்தா காலத்திலிருந்து கொடுத்துவருகிற வீட்டுக்கு முதல் மரியாதை.

கிளீவ்லாந்து 550 மைல் போல. வெள்ளிக்கிழமை விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினோம். ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஏறக்குறைய ஒரே சாலை, இன்டர்ஸ்டேட் 80. வால்காட்டில் உலகத்திலேயே பெரியது என்று பெயர் போட்ட லாரி நிறுத்தம் இருக்கிறது, அங்கே கழிப்பறைக்கு நிறுத்தினால் மிசிசிப்பி ஆற்றைத் தாண்டும்போது நிம்மதியாக இருக்கலாம். சிகாகோவின் தெற்குப் பக்கத்தைக் காலை ஆபீஸ் கூட்டத்துக்கு முன்னால் கடந்துவிட வேண்டும். நாங்கள் ஆறரைக்குத்தான் போனோம், நாற்பது நிமிஷம் நின்றோம். இண்டியானாவிலும் ஒஹாயோவிலும் சுங்கச் சாலை. இல்லினாய்ஸ் ஐ-பாஸ் அட்டை இருந்தால் இரண்டிலும் செல்லும். சாப்பாடு எலுமிச்சம்பழச் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், தனியே புளியோதரை. பாட்டிக்கு எலுமிச்சம்பழச் சாதம் பிடித்துப்போய் நிலக்கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டு வந்தார். வழியெல்லாம் கறுப்பும் மஞ்சளுமாகக் கொடி கட்டிய கார்கள், தாண்டும்போது ஹாரன். ஒஹாயோ நேரம் நமக்கு ஒரு மணி முன்னால் என்பதை மறந்துவிடாதீர்கள். என் கணவர் மறந்தார்.

நகரத்துக்குள் அறை கிடைக்கவில்லை. அதற்கு எங்கள் அணி மட்டும் காரணமில்லை. இறுதிப் போட்டி ஏப்ரல் 7 ஞாயிறு. மறுநாள் ஏப்ரல் 8 திங்கள் முழு சூரிய கிரகணம், அதன் பாதை நேராக கிளீவ்லாந்து மேல். அதே திங்கள் சாயங்காலம் அந்த ஊர் பேஸ்பால் அணிக்கு சீசனின் முதல் உள்ளூர் ஆட்டம். மூன்று திருவிழா ஒரே ஊரில் ஒரே வார இறுதியில். வானியல்காரர்கள் வருஷக்கணக்கில் முன்னாலேயே அறை போட்டு வைத்திருந்தார்கள். பாட்டியின் அக்டோபர் அறை நகரத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி, விமான நிலையத்தின் பக்கம் இருந்த ஒரு மோட்டலில். இரண்டு கட்டில் அறை. நால்வரும் அதில் நுழைந்தோம், என் கணவர் தரையில்.

தள்ளியிருந்ததும் நல்லதாயிற்று. விமான நிலையத்திலிருந்து ரெட் லைன் ரயில் போகிறது. அந்தத் தடத்தில் கார் நிறுத்தம் உள்ள ஒரு ஸ்டேஷனில் காரை விட்டுவிட்டு டவர் சிட்டியில் இறங்கினால், அங்கிருந்து மூடிய நடைபாதை வழியே மழையில் நனையாமல் அரங்கத்துக்கே போய்விடலாம். அன்றைக்கு நகரத்துக்குள் பார்க்கிங் விலையைப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். ஆனால் வீடு திரும்பும் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று போகும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது செமி ஃபைனல் முடிய நள்ளிரவை நெருங்கிவிட்டது.

அந்த ஆட்டம் யுகானோடு. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தை இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நிகா ம்யூல் என்ற பெண் கிளார்க்கின் நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டாள். பாதி ஆட்டத்தில் 32-26 என்று பின்தங்கியிருந்தோம். மேல் மாடியிலிருந்து பார்த்தால் ஆட்டக்காரர்கள் கேரம் காய் அளவுதான், ஆனால் ஒரு லாபம் உண்டு. யார் எங்கே நகர்கிறார்கள், எந்த இடம் காலியாகிறது என்று கோலம் மாதிரி முழுசாகத் தெரியும். கிளார்க்கை இரண்டு பேர் சூழ்ந்தால் ஹன்னா ஸ்டுல்கி உள்ளே தனியாக நிற்பதும், பந்து அவளிடம் போவதும் மகளுக்கே புரிந்துவிட்டது. ஸ்டுல்கி அன்றைக்கு 23 பாயிண்ட்.

கடைசியில் 70-69, நாங்கள் ஒரு பாயிண்ட் முன்னால். நாலு வினாடிதான் பாக்கி, பந்து யுகான் கையில். விசில். எங்கள் வரிசையில் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. யார் மேல் ஃபவுல்? எதற்கு? அப்போது பாட்டியிடமிருந்து குறுஞ்செய்தி: "ஸ்கிரீன் நகர்ந்தது. கேபியை இடித்தாள். பார்த்தேன்." யுகானின் ஆலியா எட்வர்ட்ஸ், தன் தோழிக்கு வழிவிட மார்ஷலை மறித்து நின்றபோது அசையாமல் நிற்கவில்லை என்பதுதான் ஃபவுல். பந்து எங்களுக்கு வந்தது. கிளார்க் ஒரு ஃப்ரீ த்ரோவைப் போட்டு அடுத்ததைத் தவறவிட, அந்தப் பந்தை ஸிட்னி அஃபோல்டர் பிடித்துவிட, 71-69.

அந்த விசிலைப் பற்றி நாடே ஒரு வாரம் சண்டை போட்டது. நான் மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தேன். விதிப்படி ஃபவுல்தான். ஆனால் அந்த மாதிரி அசைவை ஆட்டம் முழுக்க ஐந்து முறை விட்டுவிட்டுக் கடைசி நொடியில் பிடிக்கலாமா என்று யுகான்காரர் ஒருவர் கேட்டால் என்னிடம் பதிலில்லை. பாட்டிக்குச் சந்தேகமே இல்லை. "முதல் நிமிஷமோ கடைசி நிமிஷமோ, கால் நகரக் கூடாது" என்றார். கார்டுகள் அப்படித்தான் பேசுவார்கள்.

மறுநாள் காலை மோட்டலில் வாஃபிள் மெஷின் வரிசையில் எனக்கு முன்னால் நீலச் சட்டை போட்ட ஒரு யுகான் குடும்பம், அழுது வீங்கிய கண்ணோடு ஒரு பெண் குழந்தை. என் மகள் தன் தட்டிலிருந்து ஸ்ட்ராபெரி எடுத்து அவளிடம் கொடுத்தாள். பேச்சு தொடங்கியது. அவர்கள் முழு டிக்கெட் வாங்கியவர்கள், இரண்டு செமி ஃபைனலும் இறுதிப் போட்டியும் சேர்ந்தது. தோற்றபின் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பார்க்க மனசில்லை, ஊருக்குத் திரும்புகிறார்கள். கொடுத்த விலைக்கே இரண்டு இடம் தருகிறேன் என்றார் அந்த அப்பா. அரங்கத்தில் காகித டிக்கெட் கிடையாது, எல்லாம் போனில். பக்கத்தில் உட்கார்ந்து அவர் அனுப்பினார், என் கணக்கில் டிக்கெட் வந்து விழுந்தது, பார்த்துவிட்டுப் பணம் அனுப்பினேன். முகம் பார்த்து, டிக்கெட் கைக்கு வந்தபின் பணம் என்ற வரிசையில் செய்யுங்கள். "முதலில் பணம் போடுங்கள், அப்புறம் அனுப்புகிறேன்" என்று முன்பின் தெரியாத ஒருவர் மெசேஜில் சொன்னால் நகர்ந்துவிடுங்கள். தோற்ற ஊர்க்காரர்கள் கிளம்பும் சனிக்கிழமை காலைதான் டிக்கெட் தேட நல்ல நேரம் என்று பாட்டி முன்பே சொல்லியிருந்தார். நான்தான் திங்கள் ராத்திரியே அவசரப்பட்டவள்.

சனிக்கிழமை அரங்கில் இரண்டு அணிகளின் பயிற்சியை இலவசமாகப் பார்க்கலாம். டிக்கெட் கிடைக்காதவர்கள் இதற்காகவே வரலாம் என்பேன். ஆட்டத்தில் மேல் மாடி, பயிற்சியில் கீழே இறங்கி நிற்கலாம். மகள் அன்றைக்குப் பார்த்ததைத்தான் இன்றைக்கும் சொல்கிறாள்.

ஞாயிறு மதியம் மூன்று மணி. எதிரே சவுத் கரோலினா, அந்த சீசனில் ஓர் ஆட்டமும் தோற்காத அணி. நாங்கள் 10-0 என்று தொடங்கினோம். முதல் கால் பகுதியில் கிளார்க் மட்டும் 18. எங்களைச் சுற்றி எல்லோரும் நின்றே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டியிடமிருந்து செய்தி: "அவங்க பெஞ்சைப் பாரு." புரியவில்லை. ஆட்டம் போகப் போகப் புரிந்தது. அவர்களுக்குக் களைத்தவர் வெளியே போனால் அதே தரத்தில் ஒருவர் உள்ளே வருகிறார். நம் ஐந்து பேருக்கு மூச்சு வாங்குகிறது. அவர்களுடைய கமிலா கார்டோஸோ உயரத்துக்கு ரீபவுண்டெல்லாம், அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தெல்லாம், அவருக்கே, மொத்தம் 17. கடைசியில் 87-75. மாற்று ஆட்டக்காரர்கள் எடுத்த பாயிண்ட் மட்டும் பார்த்தால் 37-0. சவுத் கரோலினா 38 ஆட்டம், 38 வெற்றி. பயிற்சியாளர் டான் ஸ்டேலி பரிசு மேடையிலேயே கிளார்க்குக்கு நன்றி சொன்னார். மகள் அழவில்லை. "நவம்பர்" என்றாள்.

ஆட்டம் முடிந்தது மாலை ஐந்தேகால் மணி போல. அப்போதே கிளம்பியிருந்தால் விடிவதற்குள் வீடு. அல்லது செவ்வாய்க்கிழமை வரை தங்கியிருக்க வேண்டும். நாங்கள் இரண்டும் கெட்டானாகத் திங்கள் கிரகணம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று முடிவெடுத்தோம். அம்மா கோவில்பட்டியிலிருந்து வீடியோ காலில், "கிரகண நேரத்துல ரோட்டுல நிக்காதீங்கட்டி, பிள்ளைய வெளியில விடாத, சாப்பாட்டுல தர்ப்பை போடு" என்றார். ஒஹாயோவில் தர்ப்பைக்கு எங்கே போவது. பாட்டி நாலு கிரகணக் கண்ணாடி கொண்டுவந்திருந்தார். மோட்டல் கார் நிறுத்தத்தில் கறுப்பு-மஞ்சள் சட்டைகளும் சிவப்புச் சட்டைகளும் கலந்து நின்றன. மூன்றே கால் மணிக்கு இருட்டியது, நாலு நிமிஷம் போல. தெருவிளக்கு தானாக எரிந்தது. யாரோ ஒருவர் அந்த இருட்டிலும் 37-0 பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் மேற்கே போகும் சாலையில் கார்கள் அசையவே இல்லை. எட்டரை மணி நேரப் பயணம் பதினாலு மணி நேரமாயிற்று. புளியோதரை டோலிடோவுக்கு முன்பே தீர்ந்தது. செவ்வாய்க்கிழமை ஆபீஸில் மீட்டிங்கில் நான் கேமராவை அணைத்து வைத்திருந்தேன், அவ்வளவுதான் சொல்வேன்.

அடுத்த சனிக்கிழமை எங்கள் டிரைவ்வேயில் மகள் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்தே ஷாட் போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள், ஒன்றும் விழவில்லை. பாட்டி தபால் எடுக்க வந்தவர் கையை விரித்துக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றார். "பாட்டி, இன்னிக்கு நீங்க போடுங்க" என்று மகள் பந்தை அவர் கையில் திணித்தாள். பாட்டி பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு முறை தட்டினார். பிறகு அவளிடமே பாஸ் செய்துவிட்டு மறுபடி கையை விரித்தார்.